வாய்க்குள் போன ரொபி: நிகழ்தகவில் இரண்டாவது பின்னத்தை எப்படி எழுதுவது?

கோண்டாவிலில் 11ஆம் தரம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. ஒரு பைக்குள் 5 சிவப்பு ரொபியும் 3 பச்சை ரொபியும் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். எழுமாறாக, அதாவது பார்த்துத் தெரியாமல், ஒன்றை எடுத்து நிறத்தைக் குறித்துவிட்டு, அப்புறம் இன்னொன்றை எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? இரண்டும் வெவ்வேறு நிறமாக இருக்க? குறைந்தது ஒன்றாவது பச்சையாக இருக்க? முதல் ரொபியைத் திருப்பிப் போட்டுவிட்டு எடுத்தால் ஒரு விடை, திருப்பிப் போடாமல் எடுத்தால் இன்னொரு விடை.

பிள்ளை இரண்டு வகைக்கும் முதல் கேள்விக்கு 25/64 என்றும், இரண்டாவதற்கு 15/64 என்றும் எழுதியிருக்கிறது. மூன்றாவதைத் தொடவில்லை. "எப்ப கீழ் எண்ணைக் குறைக்க வேணும், எப்ப குறைக்கக் கூடாது எண்டு விளங்கேல்லை" என்று கடைசியில் ஒரு வரி.

பிள்ளை, அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கீழ் எண்ணை எப்போது குறைப்பது என்று ஒரு விதியைப் பாடமாக்கப் பார்க்கிறீர். அப்படி ஒரு விதி தேவையில்லை. ஒவ்வொரு முறையும் பின்னத்தை எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: இந்த நேரத்தில் பைக்குள் என்ன கிடக்கிறது?

முதல் ரொபியை எடுக்கும்போது பைக்குள் 8 கிடக்கின்றன, அதில் 5 சிவப்பு. ஆகவே 5/8. இதில் உமக்குக் குழப்பம் இல்லை. இப்போது அந்தச் சிவப்பு ரொபியைத் திருப்பிப் போட்டுவிட்டீர் என்றால், பையை ஒரு தரம் குலுக்கிய பிறகு அது பழைய பைதான். மறுபடியும் 8, அதில் 5 சிவப்பு. ஆகவே 5/8 × 5/8 = 25/64. உமது விடை இந்த வகைக்குச் சரி.

திருப்பிப் போடாத வகையில், அந்த ரொபியை நீர் வாயில் போட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும். பைக்குள் இப்போது 7தான் இருக்கின்றன. வாய்க்குள் போனது சிவப்பு, எனவே மிஞ்சிய சிவப்பு 4. ஆகவே 5/8 × 4/7 = 20/56, சுருக்கினால் 5/14. பகுதியெண் (கீழ் எண்) குறைந்தது ஒரு ரொபி போனதால். தொகுதியெண் (மேல் எண்) குறைந்தது போனது சிவப்பு என்பதால். இந்த இரண்டும் தனித்தனிக் காரணங்கள். இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள் அடுத்த படியில் வழுக்குவார்கள்.

அந்த அடுத்த படி இதுதான். முதலாவது சிவப்பு, இரண்டாவது பச்சை. திருப்பிப் போடவில்லை. என்னுடைய மாலை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சிலர் இதற்கு 5/8 × 2/7 என்று எழுதுவார்கள். "திருப்பிப் போடாட்டி மேலும் கீழும் ஒன்று குறைக்க வேணும்" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு எழுதுவது. ஆனால் பைக்குள் எட்டிப் பாரும். போனது ஒரு சிவப்பு. பச்சை மூன்றும் அப்படியே கிடக்கின்றன. ஆகவே 3/7. விடை 5/8 × 3/7 = 15/56. பைக்குள் என்ன கிடக்கிறது என்று கேட்டவருக்கு இந்தப் பிழை வராது.

உமது இரண்டாவது விடைக்கு வருவோம். வெவ்வேறு நிறம் என்பதற்கு 5/8 × 3/8 = 15/64 என்று எழுதியிருக்கிறீர். பெருக்கல் சரி. ஆனால் நீர் கண்டுபிடித்தது முதலில் சிவப்பும் பிறகு பச்சையும் வருவதை மட்டும். முதலில் பச்சை வந்து பிறகு சிவப்பு வந்தாலும் வெவ்வேறு நிறம்தானே. அதற்கும் 3/8 × 5/8 = 15/64. இரண்டையும் கூட்ட 30/64, அதாவது 15/32. திருப்பிப் போடாவிட்டால் 15/56 உடன் 3/8 × 5/7 = 15/56ஐக் கூட்ட வேண்டும். 30/56, அதாவது 15/28.

மரவரிப்படம் கீறினால் இது கண்ணுக்குத் தெரியும். முதல் எடுப்புக்கு இரண்டு கிளை, ஒவ்வொன்றின் நுனியிலும் இன்னும் இரண்டு கிளை. மொத்தம் நான்கு பாதை. ஒரு பாதை வழியே போகும்போது பெருக்க வேண்டும். வேண்டிய பாதைகள் பல இருந்தால் அவற்றின் விடைகளைக் கூட்ட வேண்டும். திருப்பிப் போடாத கணக்கில் நான்கு பாதைகளும் இப்படி வரும்: சிவப்பு–சிவப்பு 20/56, சிவப்பு–பச்சை 15/56, பச்சை–சிவப்பு 15/56, பச்சை–பச்சை 3/8 × 2/7 = 6/56. கூட்டிப் பாரும், 56/56. இப்படி 1 வந்தால் மரத்தில் பிழை இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். சோதனை மண்டபத்தில் இந்தக் கூட்டலுக்குப் பத்து விநாடி போதும்.

இங்கே ஒரு வேண்டுகோள். பின்னங்களை இடையில் சுருக்காமல் விடும். 20/56ஐ உடனே 5/14 ஆக்கி, 6/56ஐ 3/28 ஆக்கிவிட்டு, பிறகு கூட்டும்போது திரும்பப் பொதுப் பகுதியெண் தேடி அலைகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எல்லாம் 56இல் இருந்தால் மேலே உள்ள எண்களைக் கூட்டினால் போதும். சுருக்குவதைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம். மேலே இரண்டு வகைக்கும் வந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாரும். வெவ்வேறு நிறம் வருவது ஒன்றில் 30/64, மற்றதில் 30/56. மேலே உள்ள 30 மாறவேயில்லை. இரண்டும் சிவப்பு என்பது 25இலிருந்து 20 ஆனது. இரண்டும் பச்சை என்பது, திருப்பிப் போட்டால் 3/8 × 3/8 = 9/64 என்பதால், 9இலிருந்து 6 ஆனது. சிவப்பில் 5 போனது, பச்சையில் 3 போனது, மொத்தம் 8 போனது, 64 என்பது 56 ஆனது. இது தற்செயல் இல்லை. காரணத்தை நெய்யரியில், அதாவது கட்டத் தாளில் கீறும் புள்ளிப் படத்தில், காணலாம்.

ஒரு சதுரக் கட்டத் தாளை எடும். கிடையாக எட்டு ரொபியையும் வரிசையாக எழுதும்: சிவப்பு 1, சிவப்பு 2 என்று ஐந்து வரை, பிறகு பச்சை 1, 2, 3. இது முதல் எடுப்பு. நிலைக்குத்தாகவும் அதே எட்டை அதே ஒழுங்கில் எழுதும். இது இரண்டாவது எடுப்பு. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு புள்ளி வைத்தால் 64 புள்ளி. திருப்பிப் போடும் கணக்கின் மாதிரி வெளி, அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பு, இதுதான்.

திருப்பிப் போடாவிட்டால் எந்தப் புள்ளிகள் நடக்க முடியாதவை? சிவப்பு 1 எடுத்தீர், பிறகு மறுபடியும் அதே சிவப்பு 1 எடுத்தீர் என்பது நடக்காது, அது வாய்க்குள் போய்விட்டது. அப்படி ஒரு ரொபி தன்னையே சந்திக்கும் புள்ளிகள் மூலைவிட்டத்தில் கிடக்கும் எட்டு. அந்த எட்டையும் அழித்துவிடும். 56 மிஞ்சும். திருப்பிப் போடுவதற்கும் போடாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த ஒரு மூலைவிட்டம்தான்.

ஒரு ரொபி தன்னைத் தானே சந்தித்தால் இரண்டு எடுப்பிலும் நிறம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே அழிக்கப்படும் புள்ளி எல்லாமே ஒரே நிறப் புள்ளிகள், ஐந்து சிவப்பில், மூன்று பச்சையில். வெவ்வேறு நிறப் புள்ளிகள் முப்பதும் தப்பிவிடுகின்றன. அதனால்தான் திருப்பிப் போடாதபோது வெவ்வேறு நிறம் வரும் வாய்ப்பு எப்போதும் கூடுகிறது. எந்தப் பையை எடுத்தாலும், அதில் இரண்டு நிறமோ அதற்கு மேலோ இருந்தால் இது பொருந்தும். மரவரிப்படம் விடையைத் தரும், நெய்யரி காரணத்தைக் காட்டும். இரண்டையும் ஒரே கணக்குக்கு ஒரு தடவையாவது கீறிப் பாராமல் இந்தப் பாடத்தைத் தாண்ட வேண்டாம்.

அதே நெய்யரியைக் கொண்டு இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். "இரண்டு ரொபிகளை ஒரே தடவையில் எடுத்தால்" என்று கேட்பார்கள். ஒரே கையில் இரண்டும் வருகின்றன, எனவே ஒரே ரொபி இரண்டு தரம் வர வழியில்லை. இது திருப்பிப் போடாத கணக்குத்தான். எது முதல், எது பிறகு என்ற பேச்சு இல்லாததால், மூலைவிட்டத்துக்கு மேலே உள்ள பாதிப் புள்ளிகளை மட்டும் எண்ணினால் போதும்: 28 சோடி. அதில் இரண்டும் சிவப்பு 10. 10/28 என்றாலும் 5/14தான். ஒழுங்கைப் பார்த்து எண்ணுவதானால் பின்னத்தின் மேலும் கீழும் ஒழுங்கோடு, பாராமல் எண்ணுவதானால் இரண்டிலும் பாராமல். 10/56 என்று கலந்து எழுதினால்தான் வில்லங்கம்.

பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் இன்னொன்று: "ரொபி எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம் எண்டு ஏன் ஒவ்வொரு கேள்வியிலும் எழுதுகினம்?" ஒரு கடகத்துக்குள் 5 கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் 3 அம்பலவி மாம்பழமும் போட்டுவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றை எடு என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் சொன்னால் என்ன நடக்கும்? கை பட்ட உடனேயே எது எதென்று தெரிந்துவிடும். பிடித்ததைத்தான் எடுக்கும். அங்கே 5/8 என்ற பின்னத்துக்கு அர்த்தம் இல்லை. எட்டில் எதுவும் வருவதற்குச் சம வாய்ப்பு இருந்தால்தான் எண்ணிப் பிரிப்பது செல்லும். "சர்வசமனான" (எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம்), "எழுமாறாக" என்ற இரண்டு சொற்களும் அந்த உத்தரவாதத்துக்காக வருகின்றன.

சரி, இனிக் கொஞ்சம் ஆழமான விஷயம். திருப்பிப் போடாமல் எடுக்கிறோம். முதல் ரொபியை உமது தம்பி எடுத்து, யாருக்கும் காட்டாமல் கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டான். இரண்டாவதை நீர் எடுக்கிறீர். அது பச்சையாக இருக்க நிகழ்தகவு என்ன?

பைக்குள் 7 இருக்கின்றன என்று தெரியும். அதில் பச்சை 3ஆ, 2ஆ என்று தெரியாது. ஆகவே இரண்டு வழியையும் பார்க்க வேண்டும். சிவப்பு–பச்சை 15/56, பச்சை–பச்சை 6/56. கூட்டினால் 21/56. சுருக்கினால் 3/8. முதலில் எடுத்திருந்தால் பச்சைக்கு எவ்வளவு வாய்ப்போ, அதே அளவுதான். தம்பி முந்திக்கொண்டதால் உமக்கு ஒரு நட்டமும் இல்லை.

பலருக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். வீட்டில் அம்மா சீட்டுப் போடுகிறாரா என்று கேட்டுப் பாரும். குலுக்கல் சீட்டில் 12 பேர், 12 மாதம், ஒவ்வொரு மாதமும் பெயர் எழுதிய துண்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள், எடுத்தவரின் துண்டு திரும்பப் போடப்படாது என்று வைத்துக்கொள்வோம். திருப்பிப் போடாத எடுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு மூன்றாவது மாதம் சீட்டு விழ நிகழ்தகவு என்ன? முதல் மாதம் விழக் கூடாது, 11/12. இரண்டாம் மாதமும் விழக் கூடாது. இப்போது 11 துண்டு, அதில் அம்மாவுடையது தவிர்ந்த 10, ஆகவே 10/11. மூன்றாம் மாதம் 10 துண்டு, விழ வேண்டும், 1/10. பெருக்கும்: 11/12 × 10/11 × 1/10. மேலே உள்ள 11 கீழே உள்ள 11உடன் வெட்டுப்படும், 10 உடன் 10 வெட்டுப்படும், மிஞ்சுவது 1/12. ஏழாவது மாதத்துக்குச் செய்தாலும், பன்னிரண்டாவது மாதத்துக்குச் செய்தாலும் இதே மாதிரி எல்லாம் வெட்டுப்பட்டு 1/12தான் வரும். எந்த மாதம் விழும் என்பதில் ஒருவருக்கும் ஓரவஞ்சனை இல்லை.

இதே சீட்டில் துண்டுகளைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? ஒருவருக்கே இரண்டு தரம், மூன்று தரம் விழலாம். அம்மாவுக்கு 12 மாதத்திலும் ஒரு தடவைகூட விழாமல் போக நிகழ்தகவு 11/12ஐ 12 தடவை பெருக்கியது, ஏறக்குறைய 0.35. மூன்றில் ஒன்றுக்கும் மேலே! மாதாமாதம் காசு கட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்க அவ்வளவு வாய்ப்பு. பெயரைத் திரும்பப் போடக் கூடாது என்ற வழக்கம் எவ்வளவு நியாயமானது என்று கணக்கே சொல்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியும். இரண்டு மாதம் கடந்து, அம்மாவுக்கு இன்னும் விழவில்லை என்று தெரிந்த பிறகு, "இந்த மாதம் விழுமா" என்று கேட்டால் விடை 1/10. சீட்டுத் தொடங்க முன்பே "மூன்றாம் மாதம் விழுமா" என்று கேட்டால் விடை 1/12. இரண்டும் சரி. முதலாவது, நடந்தது தெரிந்த பிறகு கேட்ட கேள்வி. இரண்டாவது, ஒன்றும் தெரியாமல் கேட்ட கேள்வி. மரத்தின் இரண்டாம் கட்டக் கிளைகளில் நாம் எழுதும் 4/7, 3/7 எல்லாம் தெரிந்த பிறகு கேட்ட வகை. உயர்தரத்தில் இதற்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர் வைத்துப் படிப்பிப்பார்கள். பெயர் பிறகு வரட்டும், வித்தியாசம் இப்போதே பிடிபட்டால் நல்லது.

நீர் தொடாத மூன்றாவது கேள்வி: குறைந்தது ஒன்றாவது பச்சை. இதற்கு மூன்று பாதையைக் கூட்டலாம். அதைவிடச் சுருக்கம், ஒன்றுகூடப் பச்சை இல்லாத பாதையை 1இலிருந்து கழிப்பது. திருப்பிப் போட்டால் 1 − 25/64 = 39/64. போடாவிட்டால் 1 − 20/56 = 36/56 = 9/14. இரண்டு எடுப்பில் இந்தக் குறுக்கு வழியால் மிச்சமாகும் வேலை பெரிதில்லை. நான்கு எடுப்பு என்றால் இது இல்லாமல் சரிவராது.

நான்கு எடுப்புக்கு நம்மூரில் நல்ல உதாரணம் முந்நூற்றிநாலு. கோயில் திருவிழாவுக்கு வந்த பெரியப்பாமார் விறாந்தையில் இருந்து அடிக்கிற அதே கடதாசி விளையாட்டு. 32 கடதாசி, அதில் ஜாக் 4. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதியில் 76, நான்கு சாதியிலும் 304. பெயர் வந்த காரணம் அதுதான். நான்கு பேர் ஆட்டத்தில் முதலில் ஆளுக்கு நான்கு கடதாசி போட்டு, அதைப் பார்த்துக் கேள்வி கேட்டுத் துரும்பு வைத்த பிறகுதான் மற்ற நான்கையும் போடுவார்கள். அந்த முதல் நான்கில் ஒரு ஜாக்காவது வர நிகழ்தகவு என்ன?

ஒரு ஜாக்கும் வராத பாதை: 28/32 × 27/31 × 26/30 × 25/29. கையில் வந்த கடதாசி கட்டுக்குத் திரும்பிப் போகாது, எனவே மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைகிறது. இங்கே இரண்டும் குறைவது ஏன் என்று இப்போது சொல்லத் தெரியும்தானே: வந்தது ஒவ்வொன்றும் ஜாக் இல்லாத கடதாசி, நாம் எண்ணுவதும் ஜாக் இல்லாதவற்றைத்தான். பெருக்கினால் ஏறக்குறைய 0.57. ஆகவே ஒரு ஜாக்காவது வர 0.43. திருப்பிப் போடும் கணக்கு மாதிரி 7/8ஐ நான்கு தடவை பெருக்கியிருந்தால் 0.59 வந்து, விடை 0.41 என்று போயிருக்கும். உண்மை விடை கூட இருப்பதற்குக் காரணம், ஜாக் வராத ஒவ்வொரு தடவையும் மிஞ்சிய கட்டில் ஜாக்கின் அடர்த்தி கூடிக்கொண்டே போவது.

கடதாசியைப் போடுபவருக்கு வலப்பக்கம் இருந்தால் என்ன, கடைசியாக வாங்கினால் என்ன, இந்த 0.43 மாறாது. சீட்டில் பார்த்த அதே விஷயம். இடம் மாறி இருந்தால் நல்ல கை வரும் என்று எழும்பி இருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாரும். கேட்பார்களோ தெரியாது, ஆனால் கணக்கு அதுதான்.

கேள்வியை வாசிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோதனையில் இங்கே இழக்கும் புள்ளிகள் கணக்குத் தெரியாமல் போவதில்லை. "மீண்டும் பையினுள் இட்டு", "நிறத்தைக் குறித்துக்கொண்டு திரும்ப வைத்து" என்று இருந்தால் பை பழையபடி. இவை சாரா நிகழ்ச்சிகள், அதாவது ஒன்று மற்றதன் வாய்ப்பை மாற்றாதவை. "மீண்டும் இடாமல்", "ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை வெளியே எடுத்து வைத்து", "ஒரே தடவையில்" என்று இருந்தால் பை மாறியது. சில கேள்விகள் சொல்லாமலே விட்டுவிடும், அப்போது கதையைப் பார்க்க வேண்டும். வகுப்பிலிருந்து இரண்டு மாணவத் தலைவர்களைத் தெரிவு செய்தால் ஒரே பிள்ளை இரண்டு தரம் வர முடியாது. பழுதான மின்குமிழைத் தேடி ஒவ்வொன்றாகச் சோதிக்கிறவர், சோதித்ததை மறுபடி பெட்டிக்குள் போட மாட்டார். மாறாக, தாயக்கட்டையை இரண்டு தரம் உருட்டினால் முதல் உருட்டல் இரண்டாவதில் ஒன்றையும் மாற்றாது.

கேள்வி தெளிவில்லாமல் இருந்தால் பெரிய கணிதரே முட்டிக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கோளின் பெரிய சந்திரனைக் கண்டுபிடித்த ஒல்லாந்தர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1657இல் வெளிவந்த நிகழ்தகவு பற்றிய தம்முடைய சிறு நூலின் முடிவில் ஐந்து கணக்குகள் கொடுத்தார். இரண்டாவது கணக்கில் 4 வெள்ளை, 8 கறுப்பு, ஆக 12 வில்லைகள். மூன்று பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு முறைக்கு ஒருவராக எடுக்க வேண்டும். முதலில் வெள்ளை எடுப்பவருக்கு வெற்றி. மூவரின் வாய்ப்பும் என்ன விகிதம்? கறுப்பு வந்தால் அதைத் திருப்பிப் போடுவதா இல்லையா என்று கணக்கில் தெளிவாகச் சொல்லவில்லை. 1665இல் பின்னாளின் ஆம்ஸ்டர்டாம் நகர முதல்வர் யோகான் ஹுட்டே அதைச் செய்து பார்த்தபோது அவருடைய விடையும் ஹைகன்ஸின் விடையும் ஒத்துவரவில்லை. ஹைகன்ஸ் திருப்பிப் போடுவதாக நினைத்திருந்தார், ஹுட்டே போடாமல் செய்திருந்தார். கடிதங்கள் எழுதித்தான் தெளிந்தார்கள். பிறகு யாக்கோபு பேர்ணூலி, 1713இல் அவர் இறந்தபின் வெளிவந்த நூலில், இரண்டு வகையையும் செய்து, ஆளுக்குத் தனித்தனியாக 12 வில்லை இருந்தால் என்ற மூன்றாவது வகையையும் சேர்த்தார்.

முதல் வகை, அதாவது திருப்பிப் போடுவது, உம்மாலேயே முடியும். ஒவ்வொரு எடுப்பிலும் வெள்ளைக்கு 1/3, கறுப்புக்கு 2/3. முதல் சுற்றில் முதலாமவர் 1/3, இரண்டாமவர் 2/3 × 1/3, மூன்றாமவர் 2/3 × 2/3 × 1/3. இது 9 : 6 : 4. சுற்று திரும்பினாலும் இதே விகிதம். திருப்பிப் போடாவிட்டால் 77 : 53 : 35 என்று வரும். கறுப்பு எட்டுத்தான் என்பதால் ஒன்பதாவது எடுப்புக்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஒன்பது பின்னத்தையும் எழுதி மூன்று பேருக்கும் பிரித்துக் கூட்டினால் சரிபார்க்கலாம், ஒரு மாலை நேர வேலை.

திருப்பிப் போடுவதும் போடாததும் எப்போதும் இவ்வளவு வித்தியாசத்தைத் தராது. தோட்டத்திலிருந்து வந்த 1000 வெங்காயத்தில் 200 அழுகல் என்றால், இரண்டை எடுத்து இரண்டும் அழுகலாக இருக்க, திருப்பிப் போட்டால் 0.04, போடாவிட்டால் 200/1000 × 199/999, அதாவது 0.0398. சந்தையில் இந்த வித்தியாசத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. பை பெரிது, எடுப்பு சிறிது என்றால் மூலைவிட்டம் நெய்யரியில் ஒரு மெல்லிய கோடுதான். ஆனால் சோதனைத்தாளில் பை எப்போதும் சிறியது, அங்கே சரியாகவே எழுத வேண்டும்.

கடைசியாக உமக்கு ஒரு கணக்கு. அதே பை, 5 சிவப்பு, 3 பச்சை. சிவப்பு வந்தால் திருப்பிப் போட வேண்டும், பச்சை வந்தால் தின்றுவிட வேண்டும். இரண்டாவது எடுப்பில் சிவப்பு வர நிகழ்தகவு என்ன? "மேலும் கீழும் ஒன்று குறை" என்ற விதி இங்கே உதவாது. பையைப் பாரும். முதலாவது சிவப்பு என்றால் பை மாறவில்லை: 5/8 × 5/8 = 25/64. முதலாவது பச்சை என்றால் 7 மிஞ்சும், அதில் சிவப்பு 5: 3/8 × 5/7 = 15/56. பொதுப் பகுதியெண் 448. 175/448 + 120/448 = 295/448. வழக்கமான இரண்டு வகையிலும் இது 5/8, அதாவது 280/448 ஆக இருந்திருக்கும். இங்கே சற்றுக் கூடியிருக்கிறது, ஏனென்றால் பச்சை வந்தால் மட்டும்தான் பை மாறுகிறது, அந்த மாற்றம் சிவப்புக்குச் சாதகமாகவே போகிறது.

இதே விதியோடு மூன்றாவது எடுப்பையும் சேர்த்து மரத்தைக் கீறும். எட்டுப் பாதை வரும். மூன்றும் சிவப்பு 125/512 என்றும், மூன்றும் பச்சை 1/56 என்றும் வந்தால் சரியான வழியில் போகிறீர். மற்ற ஆறையும் எழுதி, எட்டையும் கூட்டினால் 1 வருகிறதா என்று பாரும். வராவிட்டால் உமது மரத்தைப் படம் எடுத்து அனுப்பும், எந்தக் கிளையில் பிசகியது என்று சேர்ந்து பார்ப்போம்.